வீட்டு வைஃபை கடவுச்சொல்லை இந்த வாரமே மாற்றுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலைப் பக்கம் நம் தெருவில் போன வாரம் நாலு வீட்டு வைஃபையைப் பார்த்துக் கொடுத்தேன். மூன்று வீடுகளில் கடவுச்சொல் வீட்டுக்காரரின் செல்போன் எண்தான். இணைப்புக் கொடுக்க வந்தவர் வைத்தது, அப்படியே கிடக்கிறது. அந்த எண் தெருவில் எல்லோரிடமும் இருக்கிறதே! ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள்.

இதைவிட முக்கியம், வைஃபை தரும் பெட்டியான ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று வைஃபையில் சேர, இன்னொன்று ரவுட்டர் அமைப்புகளுக்குள் நுழைய. இரண்டாவதைப் பலரும் தொடுவதே இல்லை. வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்துப் பாருங்கள். சில ரவுட்டர்களில் 192.168.0.1, அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் 'அட்மின்' என்றே இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வைஃபைக்குள் வந்த யாரும் ரவுட்டரையே தன் கைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

அப்புறம், அதே அமைப்புகளில் வைஃபை பாதுகாப்பு வகை (செக்யூரிட்டி) என்ற இடத்தில் டபிள்யூபிஏ3 (WPA3), அது இல்லையென்றால் டபிள்யூபிஏ2 (WPA2) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய வகையான டபிள்யூஇபி (WEP) வேண்டவே வேண்டாம், சில நிமிடங்களில் உடைத்துவிடுவார்கள். கடவுச்சொல் அடிக்காமலே பட்டனையோ பின் எண்ணையோ வைத்து இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியையும் அணைத்துவிடுங்கள்.

மாங்கனிக் கண்காட்சி சமயத்தில் சொந்தக்காரர்கள் வந்தால் கெஸ்ட் நெட்வொர்க்கை, அதாவது ரவுட்டரிலேயே விருந்தினருக்கென்று வைக்கும் தனி வைஃபையைக் கொடுங்கள். வாசல் கேமராவையும் அதிலேயே விடலாம்.

ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். பெரியவர்கள் தயங்காமல் கூப்பிடுங்கள், வந்து செய்து தருகிறேன். புதுக் கடவுச்சொல்லை மட்டும் இந்தக் குழுவில் போட்டுவிடாதீர்கள்.