தண்ணீரில் நின்ற காரும் என் 52,000 ரூபாயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024 ஆகஸ்டில் திருச்சியில் ஒரு பழைய கார் வாங்கினேன். 4,35,000 சொன்னார்கள், பேசிப் பேசி 4,10,000-க்கு முடித்தேன். ஒரே ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி, 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றார்கள். (விற்பனைக்கு வரும் பழைய கார் எல்லாவற்றையும் டாக்டர்களே ஓட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்களோ!) எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவரையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் பானட்டைத் திறந்து பார்த்தார், டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்தார், பத்து கிலோமீட்டர் ஓட்டியும் பார்த்தார், சத்தம் இல்லை, புகை இல்லை, சரி எடுத்துக்கலாம் என்றார். டி.என்.11 என்றால் சென்னையை ஒட்டிய தாம்பரம் வண்டி என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

இரண்டே மாதத்தில் ஹாரன் நின்றது. அப்புறம் இடது பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏற மறுத்தது. ஐப்பசி மழையில் தினமும் காலையில் பேட்டரி டவுன், பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருந்தது. டேஷ்போர்டில் கார்த்திகை தீபம் மாதிரி எல்லா விளக்கும் எரிந்த நாளில்தான் ஒரு எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னியைக் கழற்றி வெளியே வைத்தார். அந்தக் குழியின் மூலையில் காய்ந்து வெடித்த வண்டல், விரலால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். வெளியில் தெரிகிற வரைக்கும் புதுசு போல இருந்தது, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் டீக்கறை மாதிரி ஒரு கோடு. "சார், இது மெட்ராஸ் தண்ணியில நின்ன வண்டி" என்றார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனை கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றன என்று டிவியில் பார்த்து உச்சுக்கொட்டியவன்தான் நான்.

தண்ணீரில் நின்ற கார் உடனே மக்கர் பண்ணாது, அதுதான் இதில் வில்லங்கமே. ஆயிலை மாற்றி, சீட்டைக் கழற்றி வெயிலில் காயவைத்து, வாசனை ஸ்பிரே அடித்துவிட்டால் டெஸ்ட் டிரைவில் நன்றாகத்தான் ஓடும். வயரிங் கனெக்டர்களுக்குள் போன ஈரம் மாதக்கணக்கில் மெதுவாகப் பச்சை பூத்து அரிக்கிறது, வீல் பேரிங்கில் கிரீஸோடு தண்ணீர் கலந்து கெடுக்கிறது. எனக்கு ஆன செலவு: ஆல்டர்னேட்டர் 9,500, வீல் பேரிங் 6,200, ஏசி புளோயர் மோட்டார் 4,300, லைட், ஹாரன், கண்ணாடியை எல்லாம் இயக்குகிற கண்ட்ரோல் பாக்ஸ் 18,000, வயரிங் வேலை 14,000. மொத்தம் 52,000. பெயர் மாற்றும்போது முளைத்த பழைய இ-சலான் அபராதம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

விற்றவரிடம் போய்க் கேட்டால், "பார்த்து, ஓட்டித்தானே எடுத்தீங்க" என்கிறார். பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற மத்திய மோட்டார் வாகன விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விற்க வாங்கிய வண்டியை ஓட்டுவதற்கெல்லாம் பதிவேடு வைக்கச் சொல்கிற அந்த விதி, வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம்தான். ஆனால் எனக்கு வாயால் சொன்னதைத் தவிர கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லையே, எதை வைத்து வாதாடுவது?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மத்திய அரசின் வாகனப் பதிவு விவரம் இருக்கும் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் லோன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, எஃப்.சி. எதுவரை என்று இப்போதே வருகிறது. வெள்ளத்தில் மூழ்கியதற்காக கிளெய்ம் வாங்கிய வண்டி எது என்பது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குத் தெரியும். அந்த ஒரு வரியையும் அதே பக்கத்தில் சேர்த்தால் என்ன? கிளெய்ம் போடாமல் கைக்காசில் கழுவி விற்ற வண்டிகள் இதில் சிக்காது, தெரியும். ரிப்பேர் பண்ணிக் கட்டுப்படியாகாது, டோட்டல் லாஸ் என்று இன்சூரன்ஸ் கம்பெனியால் தள்ளப்பட்டு மறுபடி சந்தைக்கு வருகிறவையாவது சிக்குமே.

காரை விற்றுத் தொலையுங்கள் என்கிறார் மனைவி. போன வாரம் ஒரு புரோக்கர் வந்து சுற்றிப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டி என்று நானே சொன்னேன். "அதெல்லாம் எதுக்கு சார் வெளியே சொல்றீங்க, உள்ளே நல்லா வாஷ் பண்ணி மூணே காலுக்குத் தள்ளிடலாம்" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். வண்டி இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீரங்கம்.