கதை அலமாரியில் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு, பால்புதுமையர் (தன்பாலீர்ப்பு கொண்டோர், திருநர் போன்றோர்) எழுத்து பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 'தமிழில் இதற்கு வாசகர் குறைவு' என்று முடிகிறது. வாசகர் குறைவு அல்ல, புத்தகம் கையில் கிடைப்பதுதான் குறைவு. நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிப்பவன். இலங்கையில் பிறந்த எழுத்தாளர் ஷ்யாம் செல்வதுரையின் ஆங்கில நாவல் 'ஃபன்னி பாய்' 1994இல் வெளியானது. கொழும்புத் தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஆர்ஜி சேலை கட்டி மணமகள் விளையாட்டு ஆடுவதும், பெரியவர்கள் முகம் சுளிப்பதும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததைப் போலவே இருந்தன. ஆனால் அந்த வீட்டை நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன். அம்மாவிடம் கொடுக்க முடியவில்லை. அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அதே 1994இல் சு. சமுத்திரம் திருநங்கையர் வாழ்வை 'வாடாமல்லி' நாவலாக எழுதிவிட்டார். சரி, அதையாவது தரலாமே என்று எங்கள் பகுதி நூலகத்தில் தேடினேன். கதை அலமாரியில் இல்லை. உடல்நலப் பகுதியில், நீரிழிவு நூல்களுக்கு நடுவே இருந்தது! அம்மா இரண்டே நாளில் முடித்துவிட்டு, "அப்புறம் வேறென்ன இருக்கு?" என்றார்.

2022இல் தமிழக அரசே பால்புதுமையரைக் கண்ணியமாகக் குறிப்பிடும் சொற்களை அரசிதழில் வெளியிட்டது. சொற்கள் வந்தாயிற்று, கதைகளும் வரட்டும். இத்தகைய நாவல்களையும் தமிழ் மொழிபெயர்ப்புகளையும் பொது நூலகத் துறை கூடுதலாக வாங்கி, கிளை நூலகங்கள் வரை அனுப்பி, மற்ற நாவல்களோடு அகர வரிசையிலேயே வைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை