வென்றவன் சுவரில் தோற்றவர் முகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான பண்டைய போர்ச் சிற்பங்கள் பற்றிய கட்டுரையில், அசிரிய (இன்றைய வட ஈராக்கை மையமாகக் கொண்ட பண்டைய பேரரசு), எகிப்தியப் புடைப்புச் சிற்பங்கள் 'போர்க்களத்தின் நேரடிப் பதிவுகள்' என்று குறிப்பிடப்பட்டிருந்தன. இது பொருத்தமான விளக்கமாகத் தோன்றவில்லை. அவை வென்ற அரசர்கள் தங்கள் அரண்மனைகளிலும் கோயில்களிலும் செதுக்க வைத்தவை. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை முடிவு செய்தவர்களும் அவர்களே.

கட்டுரையில் இடம்பெற்ற லாகீசு முற்றுகைச் சிற்பங்களையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 701இல் யூதா நாட்டின் லாகீசு நகரைக் கைப்பற்றிய அசிரிய அரசன் சனகெரிப், அந்த வெற்றியை தன் தலைநகரான நினிவேயிலிருந்த அரண்மனையின் ஓர் அறை முழுவதும் செதுக்கச் செய்தான். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அகழாய்வாளர் லேயார்டு அகழ்ந்தெடுத்த அந்தக் கற்பலகைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. முற்றுகைக்காக எழுப்பிய மண்மேடு, மதிலிலிருந்து எறியப்படும் தீப்பந்தங்கள், கழுவேற்றப்பட்ட ஆடவர், மூட்டை சுமந்து வெளியேறும் குடும்பங்கள், மாட்டுவண்டியில் அமர்ந்திருக்கும் பெண்களும் குழந்தைகளும் என எதையும் சிற்பிகள் விட்டுவைக்கவில்லை. இவற்றைக் கற்பனை என்று தள்ளவும் முடியாது. லாகீசில் நடந்த அகழாய்வில் அந்த மண்மேடும் நூற்றுக்கணக்கான அம்புமுனைகளும் கிடைத்துள்ளன.

ஆனால் அதே படையெடுப்பில் யூதாவின் தலைநகரான எருசலேமை சனகெரிப் கைப்பற்றவில்லை. யூதா அரசன் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்துவைத்ததாகவும் பெருந்திறை பெற்றதாகவும் சனகெரிபின் களிமண் ஆவணம் பெருமை பேசுகிறதே தவிர, நகரைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. விழாத தலைநகருக்குப் பதிலாக, விழுந்த லாகீசுக்கு ஓர் அறையையே ஒதுக்கியதில் அவனது நோக்கம் தெளிவாகவே தெரிகிறது.

எகிப்திலும் இதே கதைதான். கி.மு. 1274 வாக்கில் நடந்த காதேசுப் போரில் எகிப்திய அரசன் இரண்டாம் ராம்சேசு, இன்றைய சிரியாவிலிருந்த அந்த நகரைக் கைப்பற்றவில்லை. அது இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளிடமே இருந்தது. அபு சிம்பெல் உள்ளிட்ட கோயில் சுவர்களிலோ அவன் தனியொருவனாகத் தேரேறிப் பகைவரைச் சிதறடிக்கிறான். கி.மு. 1259 வாக்கில் இரு நாடுகளும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. சுவரில் இருந்த வெற்றி அப்படியே நின்றது. எகிப்திய அரசன் துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த காலணிகளைப் பற்றியும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். அவற்றின் உள்ளடிப் பகுதியில் எகிப்தின் மரபான பகைவர்களான, தெற்கே வாழ்ந்த நூபியரும் வடகிழக்கே வாழ்ந்த ஆசியரும் கைகள் கட்டப்பட்டவர்களாகச் சித்திரிக்கப்பட்டிருப்பதால், அரசன் வைக்கும் ஒவ்வோர் அடியும் அவர்கள்மேல்தான் விழும். எந்தப் போரையும் குறிக்காத இத்தகைய உருவத்தையும் 'நேரடிப் பதிவு' என்று அழைப்போமா?

உடை, தலையணி, ஆயுதம், வண்டி முதலிய நுணுக்கங்களுக்கு இச்சிற்பங்கள் மதிப்புமிக்க சான்றுகள் என்பதில் ஐயமில்லை. போரின் போக்குக்கும் முடிவுக்கும் அவற்றை மட்டுமே நம்புவதுதான் ஆபத்து. எனவே இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, அச்சிற்பம் எந்த அரசனின் ஆணையால் எந்தக் கட்டடத்திற்காகச் செதுக்கப்பட்டது என்பதையும், அதே போரைப் பற்றி எதிர்த்தரப்புச் சான்று ஏதேனும் உண்டா என்பதையும் படத்தின் கீழ் ஓரிரு வரிகளில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.