வயது அட்டையை மறுத்தது தொடர்பான முறைப்பாடு

நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பத்து வருடமாக உங்கள் ஈஸ்ட்ஹாம் கிளையில்தான் வீட்டுச் சாமான் வாங்குகிறோம். போன சனிக்கிழமை பின்னேரம் என் மகளை அங்கே அனுப்பினேன். கறிவேப்பிலை, இரண்டு கிலோ ஆட்டிறைச்சி, அப்புறம் அண்ணரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு இரண்டு போத்தல் வைன்.

அவளுக்கு 20 வயது. பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித்தான் இருப்பாள். டில்லில் காசு வாங்க நின்ற தம்பி வயதுக்கு அத்தாட்சி கேட்டிருக்கிறார். கேட்டது சரி. நானும் ஆறு வருடம் மது விற்கும் ஓஃப் லைசென்ஸ் கடையில் நின்றவன். 18 ஆகாத பிள்ளைக்கு விற்றால் விற்றவர் கையிலேயே 90 பவுண் தண்டச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 25க்குக் குறைவாகத் தெரிகிற எல்லாரிடமும் கேட்கச் சொல்லிக் கடைகள் விதி வைத்திருப்பது அதனால்தான்.

மகள் தன் பாஸ் (PASS) அட்டையை, அதாவது வயதை நிரூபிக்கவென்றே எடுக்கும் அட்டையை, கொடுத்திருக்கிறாள். அந்தத் தம்பி அதை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பார்த்துவிட்டு, "இது கள்ள அட்டை, பாஸ்போர்ட் இல்லாவிட்டால் லைசென்ஸ் கொண்டு வா" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் எங்களுக்குத் தெரிந்த சனம். பிள்ளை இறைச்சியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். அட்டையில் ஹோலோகிராமுக்குக் குறுக்கே இப்போது வெள்ளையாக ஒரு முறிவுக் கோடு.

இங்கிலாந்துச் சட்டம் அடையாள அட்டையில் எதிர்பார்ப்பது படம், பிறந்த திகதி, அதோடு ஹோலோகிராம் அல்லது அல்ட்ரா வயலட் வெளிச்சத்தில் தெரியும் குறி. மகளின் அட்டையில் படமும் திகதியும் ஹோலோகிராமும் இருக்கின்றன. விற்க மறுக்கும் உரிமை கடைக்கு உண்டு, அதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் உங்கள் டில்லுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அறிவித்தலில் பாஸ்போர்ட், லைசென்ஸ் படங்களுக்குக் கீழே பாஸ் குறியும் இருக்கிறதே! கார் ஓடாத பிள்ளை இரண்டு போத்தல் வாங்குவதற்காகக் கடவுச்சீட்டைக் கைப்பையில் கொண்டு திரிய வேண்டுமா? அது தொலைந்தால் படும் பாடு உங்களுக்கும் தெரியும். அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் அவளுக்கு இந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு கிழமைக்கு முன்னர் அதே கிளையில் என் தங்கச்சியின் மகன் சைடர் என்கிற அப்பிள் மது வாங்கி வந்தான். அவனுக்கு 17 வயது, தாடி வளர்ந்திருக்கிறது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம். போத்தலை நான்தான் பறித்து வைத்தேன். எதைப் பார்க்க வேண்டும் என்று அங்கே நிற்கும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தம்பியை வேலையால் நிறுத்த வேண்டாம், அவருக்குப் பழக்குங்கள்.

மகளிடம் எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள். புது அட்டைக்கான கட்டணத்தைத் தாருங்கள். பாஸ் அட்டையை எல்லாக் கிளைகளிலும் ஏற்பீர்களா இல்லையா என்பதைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள். ஏற்பதில்லை என்றால் அந்த அறிவித்தலைக் கழற்றிவிடுங்கள்.

முறிந்த அட்டையின் படம் இத்துடன் இருக்கிறது. 14 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஈஸ்ட்ஹாம் வாடிக்கையாளர்