தம்பிக்கு, நீ போனில் சொன்னதைப் பற்றி

தம்பி,

நேற்று நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் அப்பா இருந்தார். இந்த 71 வயதிலும் அவர் எதிரில் இதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறாம்மா, ராத்திரி தூங்கறதே இல்ல, ஆளே மாறிட்டா" என்றாய். உன் பெண்டாட்டிக்கு 44 ஆகிறது. மாதவிலக்கு ஒரு தடவை 22 நாளில் வந்தது, அடுத்தது 40 நாள் ஆனது என்று போன மாதம் என்னிடம் சொன்னாள். உன்னிடமும் சொல்லியிருப்பாள், நீ காதில் வாங்கியிருக்க மாட்டாய். எனக்கென்னவோ பெரிமெனோபாஸ், அதாவது மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய காலம், தொடங்கிவிட்டது என்றுதான் படுகிறது. நான் டாக்டர் இல்லை. தைராய்டு கெட்டாலும், ரத்தசோகை இருந்தாலும் தூக்கமும் மனசும் இப்படிக் குலையும், அதையும் பார்த்துவிட வேண்டும்.

மெனோபாஸ் என்று எல்லோரும் சொல்வது உண்மையில் ஒரே ஒரு நாள்தான். கடைசி மாதவிலக்குக்குப் பிறகு 12 மாதம் முழுசாக வராமல் இருந்தால், திரும்பிப் பார்த்து அந்தக் கடைசித் தடவையை மெனோபாஸ் என்று குறிக்கிறார்கள். பெரும்பாலும் 45க்கும் 55க்கும் நடுவில் வரும். அதற்கு முந்தைய வருஷங்கள்தான் ஆளை உலுக்குவது. சராசரியாக நாலு வருஷம், சிலருக்கு எட்டு, பத்துகூட ஆகும்.

ஹார்மோன் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சினைப்பை ஒரு மாதம் முட்டையை விடும், ஒரு மாதம் விடாது. விடாத மாதத்தில் புரோஜெஸ்டிரான் என்கிற ஹார்மோன் சரியாகச் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் என்கிற இன்னொரு ஹார்மோனோ இஷ்டத்துக்கு ஏறி இறங்கும், சில நாள் இளவயதில் இருந்ததைவிடக் கூடவே இருக்கும். அதனால்தான் ஒரு மாதம் கொட்டித் தீர்க்கிறது, அடுத்த மாதம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து இதைப் பிடிப்பது கஷ்டம். தேதிகளைக் குறித்து வைப்பதுதான் உதவும். முதலில் சுழற்சி ஏழு நாளுக்கு மேல் முன்பின் ஆகும். அப்புறம் 60 நாள்கூட வராமல் இருக்கத் தொடங்கினால், முடிவு நெருங்குகிறது என்று அர்த்தம்.

கூச்சத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். இந்தக் காலத்திலும் கர்ப்பம் தரிக்கும். 50க்கு முன் நின்றால் இரண்டு வருஷமும், பின் நின்றால் ஒரு வருஷமும் கருத்தடை வேண்டும் என்பார்கள்.

எனக்கு 47 வயதில் ஆரம்பித்தது. மார்பிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகம் வரை ஏறும், இரண்டு நிமிஷத்தில் ஜாக்கெட் நனைந்துவிடும், உடனே குளிரும். உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிற மூளைப் பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் சின்னச் சூட்டுக்கெல்லாம் பதறிப்போகுமாம். ஹார்மோன் மாத்திரை கேட்கலாம் என்று நான் துணிந்த நேரம், 2002இல், அமெரிக்காவில் ஒரு பெரிய ஹார்மோன் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். அந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. பயந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டினேன். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஹார்மோன் மருந்தை 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று 10 வருஷத்துக்குள் தொடங்கினால், வேறு தடை இல்லாத பெரும்பாலானவர்களுக்கு நன்மையே அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள். கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரானும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டியோ வந்தவர்களுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. எனக்கு அன்று இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. அவள் என்னைப் போலப் பல்லைக் கடிக்க வேண்டியதில்லை.

நின்ற பிறகு சூடு அடங்கினாலும், எலும்பு முதல் சில வருஷம் வேகமாகத் தேயும். கீழே வறட்சி தானாகப் போகாது, அதற்குப் பூசும் மருந்து உண்டு. ஒரு வருஷம் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். எனக்குப் பட்டது. ஒரு மாதம் மறைத்து வைத்தேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

அவள் கோபப்படும்போது "உனக்கு மெனோபாஸ், அதான்" என்று மட்டும் சொல்லிவிடாதே. பாதிக் கோபத்துக்கு நீயேதான் காரணமாக இருப்பாய், எனக்குத் தெரியாதா உன்னை.

அந்த வருஷங்களில் உன் அப்பா ஹாலில் போய்ப் படுக்க ஆரம்பித்தார். நான் புரள்வது அவருக்குத் தொந்தரவு என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அவர்மேல் வெறுப்பு என்று அவர் நினைத்திருப்பார். இன்றுவரை இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. நீ அறையை மாற்றாதே. ராத்திரி அவள் எழுந்து உட்கார்ந்தால் ஜன்னலைத் திறந்துவிடு. டாக்டரிடம் போகும் அன்று அவள் வரச் சொன்னால் லீவு போட்டுவிட்டுக் கூடப் போ.

அம்மா