பெயரைக் கேட்டால் கோபப்படாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் பெயரைக் கேட்பார்கள்? நோயாளியை ஞாபகம் வைத்துக்கொள்ளக்கூட மாட்டார்களா?" என்று வாசகர் ஒருவர் நர்ஸுகளைக் குறைபட்டு எழுதியிருந்தார். நான் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து கொடுக்கும் முன் நன்றாகப் பழகிய நோயாளியிடமும் பெயரைக் கேட்கத்தான் வேண்டும். தெரிந்த முகம்தானே என்ற தைரியத்தில்தான் கை தவறும். கட்டில் எண்ணை நம்பவே முடியாது. ராத்திரியில் ஆளைக் கட்டில் மாற்றியிருப்பார்கள். பெயரும், கைப்பட்டையில் உள்ள எண்ணும் மருந்துச் சீட்டோடு பொருந்த வேண்டும். "நீங்கள்தானே செல்வராஜ்?" என்று கேட்பதும் தப்பு. அரைத் தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ஆமா" என்பார். அவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வேண்டும்.

இன்சுலினை எடுத்து இன்னொரு நர்ஸிடம் காட்டினால், "இந்தப் பொண்ணுக்கு வேலை தெரியாது போல" என்று காதுபடப் பேசுகிறார்கள். இன்சுலினில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று வீரியம் மாறும், சிரிஞ்சும் தனித்தனி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை இறங்கி நோயாளி மயங்கிவிடுவார். அதனால்தான் இரண்டாவது ஆள், தானே கணக்குப் போட்டுப் பார்க்கிறார். சும்மா தலையாட்டினால் அது சரிபார்ப்பு ஆகாது.

எனக்குப் பெரிய ஆதங்கம் வேறு. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வரும்போதுதான் எல்லோருக்கும் கேள்வி வரும். "சிஸ்டர், டாக்டர் எப்போ வருவார்?" "சிஸ்டர், ட்ரிப் நிக்குது." டாக்டர்களும் சளைத்தவர்கள் அல்ல, தொலைபேசியைச் சொல்லவே வேண்டாம். 'தொந்தரவு செய்யாதீர்' என்று எழுதிய மேலங்கியைச் சில மருத்துவமனைகளில் போட்டுப் பார்த்தார்கள். அது மட்டும் போதாது, மருந்து கொடுக்கும் நேரத்தில் நோயாளி மணியடித்தால் போய்ப் பார்க்க வேறொரு நர்ஸை நிர்வாகம் ஒதுக்க வேண்டும். மருந்தால் வரும் தவிர்க்கக்கூடிய கடும் பாதிப்பை 5 ஆண்டில் பாதியாக்குவோம் என்று 2017இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. வார்டில் ஆள் போதாமல் அப்படிப்பட்ட இலக்கு எப்படி நிறைவேறும்?

ஒன்றுக்கு மட்டும் தாராளமாகக் குறுக்கிடலாம். "நேற்றுக் கொடுத்த மாத்திரை இது இல்லையே", "இவருக்குப் பெனிசிலின் ஒத்துக்காது" என்றால் உடனே சொல்லுங்கள். எரிந்து விழும் நர்ஸிடமும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர்