செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். டாலஸ் பகுதித் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் நம் கைத்துப்பாக்கிப் பயிற்சிச் சங்கத்தின் ஆண்டறிக்கை இது. கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா வந்துவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் செய்த பெரிய வேலை, நாமே அடைத்த தோட்டாக்களையும் கடைத் தோட்டாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேகம் அளந்ததுதான். அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

குண்டின் வேகத்தை அளக்கும் நம் பழைய கருவி (க்ரோனோகிராஃப்) வெளிச்சத்தை நம்பி ஓடியது. மேகம் மூடினால் ஒரு எண், வெயில் சாய்ந்தால் இன்னொரு எண். அதை வைத்துக்கொண்டு பல வருடம் தகராறு செய்தோம். இப்போது வாங்கியிருக்கும் கார்மின் ஸீரோ, ரேடார் வகை. மேசையில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், குண்டின் பாதையில் எதையும் நிறுத்த வேண்டியதில்லை.

முதல் நாளே பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பற்றி ஒரு தெளிவு கிடைத்தது. 115 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) குண்டுள்ள 9 எம்எம் கடைத் தோட்டா, வினாடிக்கு 1,180 அடி என்று போட்டிருந்தது. 3.1 அங்குலக் குழல் உள்ள பி365 என்ற சிறிய கைத்துப்பாக்கியில் அந்த எண் ஒரு முறைகூட வரவில்லை. கம்பெனியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. 9 எம்எம்முக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்திருக்கும் சோதனைக் குழலின் நீளம் 4 அங்குலம். குழல் குட்டையானால் வெடிமருந்து குண்டைத் தள்ளும் தூரமும் குறைகிறது, வேகமும் குறைகிறது. அவரவர் துப்பாக்கியில் அளந்தால்தான் அவரவர் கணக்கு.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று புதியவர்கள் கேட்டார்கள். அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டி அமைப்பான யூஎஸ்பிஎஸ்ஏ நடத்தும் போட்டிகளில் கிரெய்னில் குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். தோட்டாவின் வலுவை வைத்துப் பிரிக்கும் இரண்டு வகைகளில், குறைந்த வகையான மைனருக்கு 125, கூடிய வகையான மேஜருக்கு 165 வர வேண்டும். மேலே சொன்ன கடைத் தோட்டா, பெட்டிக் கணக்கில் 135.7. ஆனால் 147 கிரெய்ன் குண்டை வினாடிக்கு 851 அடியில் விட்டாலே 125ஐத் தாண்டிவிடும். பெரிய தோட்டாவான .45இல், மேஜருக்கு 230 கிரெய்ன் குண்டு 718 அடியில் போனால் போதும்; 830 அடியில் போகும் கடைத் தோட்டா 190ஐத் தாண்டும். அந்த மிச்ச உதையை மணிக்கட்டு ஏன் வாங்க வேண்டும்? கையால் அடைப்பது வேகத்தைக் கூட்டுவதற்கு என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். தேவையான வேகம், தோட்டாவுக்குத் தோட்டா மாறாமல் வருவதுதான் நாம் தேடுவது. வரம்பை ஒட்டி நிற்பதும் ஆபத்து: வீட்டருகே தாண்டியது, குளிர்காலக் காலையில் தாண்டாமல் போகலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவின் சோதனை. 1898இல், கருமருந்துக் காலத்தில் பிறந்த தோட்டா அது. கூடு பெரிது, இன்றைய மருந்து அதில் கொஞ்சம்தான். குழலை மேலே தூக்கிவிட்டுக் குறிவைத்துச் சுட்டால் மருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர் பக்கம் சரிகிறது, வேகம் ஏறுகிறது. கீழே சாய்த்துவிட்டுச் சுட்டால் இறங்குகிறது. ஒரே பெட்டி, ஒரே கை! ஐந்து குண்டு சுட்டுவிட்டுச் சராசரி சொல்வதை அன்றோடு நிறுத்தினோம். இனி ஒரு வகைக்குக் குறைந்தது இருபது.

ஒரு சம்பவத்தையும் பதிவு செய்ய வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர் கையால் அடைத்த தோட்டாவில் மருந்து விழாமல் போயிருந்தது. 'பட்' என்று மெல்லிய சத்தம், உதை இல்லை, திரையில் எண்ணும் இல்லை. பக்கத்தில் நின்றவர் உடனே "நிறுத்துங்க அண்ணா" என்று கத்தினார். சுட்டவரும் அடுத்த குண்டைச் சுடாமல் துப்பாக்கியைக் கீழே வைத்தார். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கலாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கத்தி நிறுத்திய அந்தத் தம்பிக்கு இந்தச் சபை நன்றி சொல்ல வேண்டும். அதற்கப்புறம், குண்டை வைத்து அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறோம். மருந்தின் அளவை அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், நண்பர் சொன்னார் என்று எடுக்கக் கூடாது.

வரும் ஆண்டில் குளிர்நாள் அளவீடு ஒன்று நடத்தலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. வருகிறவர்கள் குண்டின் எடை, மருந்தின் பெயர், அளவு, அடைத்த தேதி நான்கையும் பெட்டிமேல் எழுதி ஒட்டிக் கொண்டுவர வேண்டும். எழுதாத பெட்டியை மேசையில் வைக்க அனுமதிக்க மாட்டேன்.

அன்புடன்,
செயலாளர்